காருக்குள் ஐம்பொன்



சென்ற பள்ளித் தவணையில் ஒரு மாணவனிடம் நான் தவறு செய்துவிட்டேன். அந்தத் தவற்றைத் திருத்தப் போய்த்தான் இக்கட்டுரைக்கான செய்திகள் எனக்குக் கிடைத்தன.

தொடக்கநிலை ஐந்து மாணவர்களுக்கு அன்று உலோகப் பெயர்களைக் கற்பித்துக் கொண்டிருந்தேன். பழந்தமிழில் ‘பொன்’ என்ற சொல் தங்கத்தை மட்டும் குறித்ததன்று. உலோகம் அனைத்திற்கும் அதுவே பொதுப்பெயராக இருந்தது. அதனால்தான் இரும்பைக் கரும்பொன் என்றார்கள். கோயிற் சிலைகளை ஐம்பொன் சிலைகள் என்று நாம் இன்றும் சொல்கிறோம். பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம் என ஐந்தையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, “இவற்றுள் மின்கம்பி செய்வதற்கு ஏற்றது எது?” என்று கேட்டேன். அறிவியல் பாடத்தில் மின்சுற்று பற்றி அவர்கள் அப்போதுதான் படித்திருந்தார்கள். “செம்பு!” என்று வகுப்பே கூவியது. பின்வரிசையில் ஒரு பையன் மட்டும் கையை உயர்த்தி, “டீச்சர், காருல இரும்பும் வயர்தான்” என்றான். அவனுடைய தந்தையார் கார் பழுதுபார்க்கும் தொழில் செய்பவர். நானோ, “இரும்பு மின்சாரத்தைக் கடத்தும், உண்மைதான். ஆனால் காருக்குள் ஓடும் கம்பி எல்லாம் செம்புதான்” என்று சொல்லி அவனை அமர்த்திவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் மறுபேச்சுப் பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சாங்கிக்குச் சென்றிருந்தோம். சாங்கி என்றால் வெளிநாட்டவர்க்கு விமான நிலையம். வரலாறு படித்தவர்க்குச் சிறைச்சாலை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாசி லெமாக். உண்டு முடித்து, கடற்கரையில் உபின் தீவைப் பார்த்தபடி நடந்துவிட்டு வந்து காரை முடுக்கினால், அது ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டதோடு சரி. விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, இயந்திரம் மட்டும் சுழல மறுக்கிறது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்தோம். உதவிக்கு வந்தவர் ஜொகூரைச் சேர்ந்த ஒரு தமிழ் இளைஞர். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “பேட்டரி நல்லாத்தான் இருக்கு அக்கா. எர்த்துதான் போச்சு” என்றார்.

பேட்டரியின் எதிர்முனையிலிருந்து புறப்பட்ட தடித்த செம்புக் கம்பி ஒரு சாண் தூரம்கூடப் போகவில்லை. காரின் இரும்பு உடலில் ஒரு திருகாணியால் இறுக்கப்பட்டு அங்கேயே முடிந்துவிட்டது. அந்த இடத்தில் துருவும் பச்சைக் களிம்பும் மண்டிக் கிடந்தன. எங்கள் கார் நிற்பது திறந்தவெளியில், கடற்காற்றில்.

“கரண்ட் திரும்பி வர்ற வழியே இதுதான் அக்கா.”

“இது இரும்பாச்சே தம்பி?”

“இரும்புதான். முழு பாடியும் ஒரே வயர்தானே!”

உப்புத்தாள் வைத்துத் தேய்த்துத் திருகாணியை முடுக்கினார். கார் கிளம்பிவிட்டது. வீடு திரும்பும் வழி முழுவதும் அந்தப் பையனின் முகம்தான் என் கண்முன் நின்றது.

விளக்கு எரிந்து இயந்திரம் சுழலாமல் போனதற்கான கணக்கு எளியது. துருவேறிய இணைப்பில் 0.05 ஓம் தடை இருந்ததாக வைத்துக்கொள்வோம். முகப்பு விளக்கு ஒன்று 4 அல்லது 5 ஆம்பியர் எடுக்கும். அதனால் அந்த இணைப்பில் இழப்பது கால் வோல்ட்டுக்கு மிகாது. இயந்திரத்தை முதலில் சுழற்றிவிடும் மோட்டாரோ 100 ஆம்பியருக்கு மேல் கேட்கும். அப்போது 12 வோல்ட்டில் 5 வோல்ட் அந்தத் துருவிலேயே போய்விடும். மிஞ்சும் 7 வோல்ட்டில் மோட்டார் எப்படிச் சுழலும்?

ஆனால் என்னை உறங்கவிடாத கேள்வி வேறு. செம்பின் கடத்துதிறனை 100 என்று வைத்துக்கொண்டால் வெள்ளிக்கு ஏறத்தாழ 106, தங்கத்திற்கு 70க்குச் சற்று மேல், அலுமினியத்திற்கு 61, இரும்புக்கு 17, ஈயத்திற்கு 8. (செம்பை 100 எனக் கொள்ளும் இந்த அளவுகோலைச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1913ஆம் ஆண்டில் வகுத்தது.) உருக்கு இரும்பினும் குறைவு. இத்தனை பின்தங்கிய ஓர் உலோகத்தை நம்பி, பாதிச் சுற்றை அதனிடம் ஒப்படைக்கலாம் என்று முதலில் துணிந்தவர் யார்? பழுதுபார்க்க வந்த இளைஞர் சொன்ன ‘எர்த்து’ என்ற சொல்லிலேயே விடை இருந்தது. காருக்கு ரப்பர்ச் சக்கரம். அதன் உடல் மண்ணைத் தொடுவதே இல்லை. பிறகு ஏன் அதற்கு மண்ணின் பெயர்? அச்சொல் தந்தியிலிருந்து வந்தது. தந்திக்கு உண்மையாகவே மண்தான் திரும்பும் கம்பி.

‘தந்தி’ என்பதே நமக்கு யாழிலும் வீணையிலும் கட்டிய கம்பியின் பெயர். அதை மின்செய்திக்கு வைத்தவர் எவரோ, அவருக்கு நல்ல காது இருந்திருக்கிறது.

தொடக்கத்தில் தந்திக்கு இரண்டு கம்பிகள் வேண்டும் என்றே எண்ணினார்கள், போக ஒன்று, வர ஒன்று. 1838ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்னும் அறிஞர், இருப்புப்பாதைத் தண்டவாளங்களையே கம்பியாகப் பயன்படுத்த முடியுமா என்று சோதித்துப் பார்த்தார். மின்சாரம் தண்டவாளத்தில் நில்லாமல் மண்ணுக்குள் கசிந்தது. தோல்விதான். ஆனால் மண் இவ்வளவு தாராளமாகக் கடத்துமானால் திரும்பும் கம்பி எதற்கு என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. ஒரே கம்பியைக் கட்டி, இரு முனைகளிலும் உலோகத் தகடுகளைப் புதைத்தார். செய்தி போயிற்று. உலகம் முழுவதும் தந்தித் துறைக்குப் பாதிக் கம்பி மிச்சமாயிற்று.

மண்ணும் நீரும் உலோகத்தோடு ஒப்பிடத்தக்க கடத்திகளே அல்ல. கடல்நீர்கூடச் செம்பைவிட ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு மோசமான கடத்தி. இருந்தும் அவை வேலை செய்வதற்குக் காரணம் அவற்றின் அகலம். ஒற்றையடிப் பாதையில் நூறு பேர் முட்டிமோதுவார்கள். கட்டாந்தரையானாலும் பெருவெளி என்றால் ஆயிரம் பேர் தடையின்றிப் போவார்கள். கம்பியின் தடை அது எந்த உலோகம் என்பதை மட்டும் பொறுத்ததன்று. எவ்வளவு நீளம், எவ்வளவு பருமன் என்பதையும் பொறுத்தது. இரும்பு செம்பைவிட ஆறு மடங்கு பின்தங்கியது என்றால், ஆறு மடங்கு பருமனாக இருந்தால் போதும். காரின் உடல் ஆறு மடங்கென்ன, அதற்கும் பல படி மேல். நம் பாடநூல்கள் உலோகங்களின் வரிசையைச் சொல்லிவிட்டுப் பருமனைச் சொல்லாமல் விடுகின்றன. நானும் விட்டேன்.

இதை இந்தியாவில் நடைமுறையில் காட்டியவர் ஒரு மருத்துவர். வில்லியம் ஓஷாக்னசி, அயர்லாந்தில் பிறந்தவர், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர். (வாந்திபேதி கண்டவர்களின் இரத்தத்தில் நீரும் உப்பும் குறைந்துபோவதை 1831, 1832ஆம் ஆண்டுகளிலேயே ஆராய்ந்து எழுதியவரும் இவரே. மருத்துவமனையில் உப்புநீர் ஏற்றும்போதெல்லாம் இவரை நினைத்துக்கொள்ளலாம்.) 1839ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கம்பி கட்டித் தந்திச் சோதனை செய்தார். ஹூக்ளி ஆற்றைக் கடக்க வேண்டிய கம்பிக்குக் கீல் பூசி, பிளந்த பிரம்பால் மூடி, கீலில் தோய்த்த நூலைச் சுற்றினார். 1851இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்திப்பாதை அமைத்தபோது, ஐரோப்பாவில் வழங்கிய மெல்லிய கம்பியை விட்டுச் சுண்டுவிரல் கனமுள்ள இரும்புக் கம்பியைத் தேர்ந்தெடுத்தார். காக்கையும் பருந்தும் கூட்டமாக வந்து அமரும், குரங்குகள் தொங்கும், புயல் வீசும். மெல்லிய கம்பி எத்தனை நாள் தாங்கும்? பருமனான இரும்பு இவை எல்லாவற்றையும் தாங்கியது. அந்தப் பருமனே அதன் கடத்துதிறன் குறையையும் ஈடுசெய்தது. 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 1 அன்று கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களை இணைத்த தந்தி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சென்னைக்கு வந்த முதல் மின்செய்திகள் செம்பில் வரவில்லை, கரும்பொன்னில்தான் வந்தன.

கடலுக்கு அடியில் இந்த வழி உதவாது. அங்கே கம்பியைச் சுற்றி உறை வேண்டும். கம்பி பருக்கப் பருக்க உறைக்கு ஆகும் பொருளும் பெருகும். அதனால் உள்ளே இருப்பது மெல்லியதாகவும் நன்றாகக் கடத்துவதாகவும் இருந்தாக வேண்டும். இங்கேதான் செம்பின் ஆட்சி தொடங்குகிறது. ஆனால் ‘செம்பு’ என்றால் எந்தச் செம்பு? பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன், 1857ஆம் ஆண்டில் கடையில் விற்கும் செம்புக் கம்பிகள் பலவற்றை வாங்கி அளந்து பார்த்தார். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்த கம்பிகளிடையே கடத்துதிறன் வெகுவாக வேறுபட்டது. சிறிதளவு ஆர்செனிக் முதலிய மாசு கலந்தாலே போதும், கடத்துதிறன் சரிந்துவிடும். அதுவரை செம்பு செம்புதான் என்று எண்ணி வாங்கியவர்கள், அதன்பின் தூய்மையை அளந்து வாங்கத் தொடங்கினார்கள்.

உறைக்கான பொருள் எங்கிருந்து போயிற்று தெரியுமா? நம் சிங்கப்பூரிலிருந்துதான். மலாய் மக்கள் ‘தாபான்’ என்று அழைத்த மரத்தின் பால் உறைந்தால் கட்டாபெர்ச்சா என்னும் பிசின் ஆகும். வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். பாராங் கத்திக்குப் பிடி போட அதைப் பயன்படுத்திவந்தார்கள். இங்கே பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி 1843இல் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். 1847இல் வெர்னர் சீமென்ஸ், கம்பிமேல் பொருத்து இல்லாமல் அதைப் போர்த்தும் பொறியைச் செய்தார். கடல்நீரில் கெடாமல் கிடந்து மின்சாரத்தைக் கசியவிடாத வேறு பொருள் அக்காலத்தில் இல்லை. ஒரு மரத்தை வெட்டிச் சாய்த்தால் கிடைத்தது சில நூறு கிராம் பிசின்தான். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் சிங்கப்பூர்த் தீவில் தாபான் மரம் அரிதாகிவிட்டது. வெட்டுவோர் ஜொகூருக்கும் சுமத்ராவுக்கும் போர்னியோவுக்கும் நகர்ந்தார்கள். செம்பின் பெருமையைப் பேசும்போது அந்த மரங்களையும் பேசியாக வேண்டும் என்பது என் எண்ணம். உறை இல்லாமல் செம்பு கடலில் ஓர் அடிகூடப் பயன்பட்டிருக்காது.

1859இல் சிங்கப்பூருக்கும் பத்தாவியாவுக்கும் இடையே போட்ட கடற்கம்பி அடிக்கடி அறுந்து விரைவில் கைவிடப்பட்டது. 1871ஆம் ஆண்டில்தான் சென்னையிலிருந்து பினாங்கு வழியாக வந்த கடற்கம்பி சிங்கப்பூரை உலகத்தோடு சேர்த்தது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த நம்மவர்களின் கடிதம் வாரக்கணக்கில் கடந்த வங்கக்கடலை, வணிகர்களின் விலைச்செய்தி அதன்பின் மிக விரைவாகக் கடந்தது. செய்தி போனது செம்பில், திரும்பியது கடலில். எங்கள் காரில் செம்பும் இரும்பும் செய்துகொண்ட அதே ஏற்பாடு.

இனிக் காருக்குள் வருவோம். என் ஐம்பொன் பட்டியலை எடுத்துக்கொண்டு தேடினேன், ஐந்தும் இருக்கின்றன.

செம்பைச் சொல்லவே வேண்டாம். சாதாரணக் கார் ஒன்றில் கம்பிகளும் மோட்டார்ச் சுருள்களும் பிறவும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் இருக்கும். இரும்பைப் பார்த்தோம்.

ஈயம் பேட்டரியில் இருக்கிறது. 1859இல் பிரான்சு நாட்டின் காஸ்தோன் பிளான்டே அமைத்த ஈய பேட்டரியின் வழித்தோன்றலே இன்றும் நம் கார்களில் உள்ளது. கடத்துவதில் எட்டே மதிப்பெண் வாங்கும் ஈயத்தை, அத்தனை ஆம்பியரும் கடந்து போகும் பேட்டரி முனையில் வைத்திருக்கிறார்கள். கந்தக அமிலத்தின் அருகில் செம்பு நிலைக்காது, ஈயம் நிலைக்கும். முனையும் குட்டையாய்ப் பருமனாய் இருப்பதால் அந்த எட்டு மதிப்பெண்ணே போதுமானதாகிவிடுகிறது.

வெள்ளி, சுவிட்சிலும் ரிலேயிலும் ஒன்றையொன்று தொடும் சிறு புள்ளிகளில் இருக்கிறது. செம்பின் மேற்பரப்பு ஆக்சைடாக மாறினால் தொடுமுனையில் தடை கூடும். வெள்ளி அந்தத் தொல்லையைக் குறைக்கும். முதல் மதிப்பெண் வாங்கும் வெள்ளியிலேயே எல்லாக் கம்பியையும் செய்தால் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். நூற்றுக்கு ஆறு கூடுதல் பெறுவதற்கு எத்தனை மடங்கு விலை கொடுப்பது? ஆனாலும் ஒருமுறை அது நடந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அமெரிக்காவில் தோட்டா உறைகளுக்கே செம்பு போதவில்லை. அணுகுண்டுத் திட்டத்தின் பெரிய மின்காந்தங்களுக்குச் சுருள் வேண்டும். அந்நாட்டுக் கருவூலத்திலிருந்து 13,000 டன்னுக்கும் மேற்பட்ட வெள்ளியைக் கடன் வாங்கிச் சுற்றினார்கள். போருக்குப் பின் திருப்பிக் கொடுத்தார்கள். இங்கே சிங்கப்பூர் ஜப்பானியர் பிடியில் இருந்த அதே ஆண்டு!

தங்கம் பல கார்களில் காற்றுப்பையின் இணைப்பு முனைகளில் மெல்லிய பூச்சாக இருக்கிறது. அது செம்பைவிடக் குறைவாகவே கடத்தும். ஆனால் துருப்பிடிக்காது. காற்றுப்பை பத்து ஆண்டுகள் வேலையே இல்லாமல் கிடக்கும். ஒருநாள், ஒரு நொடியில், தவறாமல் விரிய வேண்டும். அந்த ஒரு நொடிக்காகவே அங்கே தங்கம். சிராங்கூன் சாலை நகைக்கடைகளைக் கடக்கும்போது இப்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பும் வருகிறது.

ஐம்பொன்னுள் அடங்காத ஆறாவது ஒன்று உண்டு: அலுமினியம். அதை முதலில் பிரித்தெடுத்ததே 1825இல். மலிவாக எடுக்க வழி கண்டது 1886இல். நம் முன்னோர்க்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 61 மதிப்பெண்தான், ஆனால் எடை செம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. செம்பின் தடைக்கு ஈடாக அலுமினியக் கம்பியை 1.6 மடங்கு பருமனாக்கினாலும் எடை பாதிதான் வரும். வானில் தொங்கும் உயரழுத்த மின்பாதைகளில் அது ஆட்சி செய்வது இதனால்தான். வீட்டுக்குள் அது பெயரெடுக்கவில்லை. அமெரிக்காவில் 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் செம்பு விலையேறியபோது வீடுகளில் அலுமினியக் கம்பி போட்டார்கள். அதன்மேல் படியும் ஆக்சைடுப் படலம் மின்சாரத்தைத் தடுக்கும். திருகாணியின் அழுத்தத்தில் அது மெல்ல நெகிழ்ந்து இணைப்பு தளரும். தளர்ந்த இடம் சூடேறும். தீ விபத்துகள் நேர்ந்தன. ஈரம் படும் இடத்தில் செம்போடு சேர்த்துவைத்தால் அலுமினியம் அரித்துப்போகும் என்பது வேறு. இத்தனையும் தெரிந்தே, எடையைக் குறைப்பதற்காகக் கார் நிறுவனங்கள் சில அண்மை ஆண்டுகளில் அலுமினியக் கம்பிகளைப் பயன்படுத்துகின்றன. இணைப்பு முனையில் ஈரம் புகாமல் மூடுவதற்கே பெரும்பாடு படுகிறார்கள். என் காரில் துருப்பிடித்த இடத்தைப் பார்த்தபின் அந்தப் பாடு எனக்கு விளங்குகிறது.

சாங்கிக்கும் சென்னைக்கும் இடையேகூட இப்போது ஒரு கடற்கம்பி உண்டு; 2004இல் போட்டது. இதில் செய்தி போவது எந்தப் பொன்னிலும் இல்லை, கண்ணாடி இழையில், ஒளியாக. ஆயினும் செம்பு போய்விடவில்லை. இத்தகைய கம்பிகளில் ஒளியை வழிநெடுகப் பெருக்கும் கருவிகளுக்குப் பல ஆயிரம் வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் வேலை செம்புக் குழலுக்கு. திரும்பும் வழி? அதே கடல்தான். இக்கடற்கம்பிகளிலும் செம்புக்குப் பதிலாக அலுமினியத்தை வைக்கும் முயற்சி அண்மையில் தொடங்கியிருக்கிறது.

மறுவாரம் வகுப்பில் காரின் படம் ஒன்றை வரைந்து, பேட்டரியிலிருந்து விளக்கு வரை சிவப்புக் கோடு போட்டேன். “திரும்பும் கோட்டை யார் போடுவது?” என்று கேட்டுவிட்டு அந்தப் பையனை அழைத்தேன். அவன் கோடு எதுவும் போடவில்லை; காரின் உடல் முழுவதையும் வண்ணக்கோலால் தீட்டினான். “அன்று நீ சொன்னதுதான் சரி. நான்தான் தெரியாமல் பேசிவிட்டேன்” என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு, “எங்க அப்பாவுக்கு அலுமினியம் வயர்தான் பிடிக்காது டீச்சர். பத்து வச்சா ஒட்டவே ஒட்டாதாம்” என்றான். அது உண்மை, அந்த ஆக்சைடுப் படலம் பற்றுவைக்கவும் விடாது.

அதையே கட்டுரையாக எழுதி வரச் சொன்னேன். அரைப் பக்கம் எழுதியிருந்தான். ‘துரு’ என்பதை இரண்டு இடத்தில் ‘துறு’ என்று எழுதியிருந்தான், திருத்திக் கொடுத்தேன். செய்தியில் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.